மஞ்சள் பூசாத கை

மகனே,

உன் அம்மா சுகமாக இருக்கிறாள். மழை விட்டதிலிருந்து முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓய்வு விழா வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மருமகளோடு வருவதாக நீயே சொன்னாய். முப்பத்தோரு வருடம் விசில் ஊதிய டிரில் மாஸ்டருக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், பழைய மாணவர்கள் போடும் ஒரு நினைவு மலர், பிறகு பாராட்டுப் பத்திரம். அந்தப் பத்திரத்தின் நகலைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே என்னிடம் கொடுத்து, தேதி, பெயர் ஏதாவது தப்பாக இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். தேதி, பெயர் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூன்றாவது பத்தியைப் படித்ததிலிருந்துதான் சாப்பாடு இறங்கவில்லை.

அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? பெற்ற பிள்ளை என்றும் பாராமல், விதியை மீறி ஓடியதற்காகச் சொந்த மகனையே முதல் பரிசிலிருந்து நீக்கிய நேர்மையாளர் நான். அதை மேடையில் மைக் வைத்து வாசிக்கப் போகிறார்கள். கைதட்டுவார்கள். நீ முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாய், உன் பக்கத்தில் கல்யாணமாகி ஏழு மாதமான அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். நீதியின் சின்னமாக நான் நாற்காலியில் சால்வையோடு இருக்க, தன் புருஷன் பள்ளிக்கூடத்தில் பித்தலாட்டம் செய்து பிடிபட்டவன் என்று அவள் என் விழாவில் தெரிந்துகொள்வாள். சீ! எவ்வளவு நல்ல சம்பந்தி வீட்டு மரியாதை!

மலருக்காக என்னிடமும் நாலு பக்கம் கேட்டிருந்தார்கள். வருடாவருடம் நான் நடத்திய நெடுந்தூர ஓட்டத்தின் பாதையைப் பற்றி, தோப்பு, குளம், வயல், ஏரி என்று பழைய பையன்கள் படித்து உருகும்படி எழுதவேண்டுமாம். சரி, எழுதுகிறேன். ஆனால் உருகுகிறவர்களுக்காக இல்லை, உனக்கு. எல்லோரும் படிக்கும்படி உனக்கு. வீட்டில் கூப்பிட்டுக் காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். உன் பெயர் கெட்டது ஊர் நடுவில். நான் மட்டும் சமையலறை மூலையில் சரிசெய்துவிட்டு, கைகழுவிவிட்டு, சாப்பிட உட்கார முடியாது.

முதலில் பாதை. அடையாற்றுப் பாலத்தின் தென்கரையில் ஆரம்பம். அங்கிருந்து ஊரூர்க் குப்பத்தை ஒட்டிக் கடற்கரை மணல், சவுக்குத் தோப்பு, பிறகு திருவான்மியூர்க் கோயில் குளம். அப்போது திருவான்மியூர் பட்டணத்தில் சேராத கிராமம், கோயில் மட்டும் ஆயிரம் வருடத்துக் கோயில். குளத்தைச் சுற்றி மேற்கே திரும்பினால் தரமணி வரைக்கும் வயல். வரப்பில் ஒருவன் பின்னால் ஒருவனாக ஓடவேண்டும். அதைத் தாண்டி வேளச்சேரி ஏரிக்கரை. ஏரிக்கரை முடிந்ததும் வடக்கே கிண்டி மான் காட்டு வேலியை ஒட்டி ஓடி, கோட்டூர் வழியாக மறுபடி அடையாறு. மொத்தம் ஏழு மைலுக்கு மேல். இதைக் கேட்டால் ஏதோ சொர்க்கம் மாதிரி இருக்கும். மேடையில் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். குப்பத்து மணலில் காலையில் ஊரே குத்தவைத்திருக்கும், பையன்கள் எதை மிதிக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துத் தாண்டி ஓடுவார்கள் என்பதை எவனும் சொல்லமாட்டான். குளத்துப் படியில் பாசி, வயலில் எருமைச் சாணி, சவுக்குத் தோப்பில் எவனெவனோ காய்ச்சுகிற கள்ளச் சாராயத்தின் புளித்த வாடை. இவ்வளவும் இருந்தும் அது நல்ல பாதைதான். அசிங்கமாவது கண்ணுக்குத் தெரிந்த அசிங்கமாக இருந்தது, சுற்றிக்கொண்டு போக இடமும் இருந்தது.

போன மாதம், மலருக்கு எழுதவேண்டுமே என்று, ஒருநாள் காலையில் போய் அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வயலை மனையாகப் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து ஏரிக்குள் கொட்டி மேடாக்குகிறார்கள். கரை மேலே செத்த நாய் ஒன்று ஊதிக் கிடந்தது, அதன் பக்கத்தில் நின்று ஒருவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். கட்டின நாலு வீட்டின் சாக்கடை நேராக ஏரியில் விழுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். இந்த மனுஷர்களெல்லாம் மனுஷர்களா என்று திட்டிக்கொண்டே நின்றேன். அப்புறம்தான், நான் நின்ற இடம் எது என்று உறைத்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் நிற்கவேண்டிய இடம் அது, அன்றைக்கு நிற்கவில்லை.

படிக்கிறவர்களுக்காக விதியையும் சொல்லிவிடுகிறேன். பாதை நீளம், ஆசிரியர்கள் குறைவு. எந்தப் பையனும் நடுவில் குறுக்கே வெட்டி ஓடிவிடக்கூடாது என்பதற்காக மூன்று இடத்தில் ஆள் நிறுத்துவேன். ஓடி வருகிறவன் இடது கையை நீட்டவேண்டும். நிற்கிற ஆசிரியர் சட்டியில் கரைத்த சாயத்தை முழங்கைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். குப்பத்தில் சலவை நீலம், கோயில் குளத்தில் காவி, ஏரிக்கரையில் மஞ்சள். முடிவுக்கோட்டில் மூன்று நிறமும் கையில் இருந்தால்தான் ஓட்டம் செல்லும். ஏரிக்கரை எப்போதும் என் இடம், ஏனென்றால் குறுக்கே வெட்ட வசதியான இடம் அதுதான். தரமணி வயலிலிருந்து நேராகக் காட்டு வேலிக்குப் போய்விட்டால் ஒரு மைல் மிச்சம். ஒவ்வொரு வருடமும் ஓட்டத்துக்கு முன்னால் பையன்களை வரிசையில் நிறுத்தி நான் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. ஆசிரியர்தான் பூசவேண்டும், சட்டியில் நீயே கைவிட்டுப் பூசிக்கொண்டால் அது திருட்டு. நீ அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டதைவிட வீட்டில் அதிகம் கேட்டிருப்பாய்.

அந்த வருடத்துக்காக உன்னை எப்படிப் பிழிந்தேன் என்பதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உனக்குப் பதினாறு வயது. விடியுமுன் எழுப்பி, லஸ் பூங்காவைச் சுற்றி இருபது வட்டம் ஓடச் சொல்வேன். காலை நடைக்கு வரும் பெரிய மனிதர்கள் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்று, பையன் மான் மாதிரி ஓடறானே சார் என்பார்கள். எனக்கு அந்த ஒரு பேச்சு காப்பியைவிட ருசி. ஒருநாள் உனக்கு ஜுரம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது, தெரிந்துகொண்டுதான் ஓடச் சொன்னேன். பதினான்காவது வட்டத்தில் பூவரச மரத்தடியில் வாந்தி எடுத்தாய். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு, இதற்கு எத்தனை நொடி போச்சு பார் என்றேன். உன் அம்மா இதைக் கேட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஜனவரிக்குள் நீ எவ்வளவு வேகமாகிவிட்டாய் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சரியாகத் தெரியும், அது நான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்த அதே தை மாதம். பொங்கல் முடிந்த சனிக்கிழமை. அந்த வருடம் கோப்பையும் பரிசும் கொடுத்தவர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, தென்காசிப் பக்கம். பிள்ளையை நம் பள்ளியில் சேர்த்திருந்தார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் காரில் ஏரிக்கரைக்கே வந்துவிட்டார், ஓட்டத்தைப் பார்க்க. ஓட்டம் ஒரு சாக்கு, கரைக்குக் கீழே நிலம் விலைக்கு வருகிறதென்று பார்க்கத்தான் வந்தார் என்று பிறகு புரிந்தது. பனை மரங்களுக்குப் பின்னால், கரை வளைகிற இடத்தில் காரை நிறுத்தினார்கள். டிரைவர் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"என்ன சார், வெயில்ல நின்னுக்கிட்டு இருக்கிய? பயலுவ வர இன்னும் நேரம் கெடக்குல்லா. வந்து ரெண்டு இட்லி வச்சுக்கிடுங்க," என்றார்.

அது காலை ஏழு மணி வெயில், ஜனவரி மாதம். ஒரு மண்ணும் சுடவில்லை. நான் வாட்சைப் பார்த்தேன். முந்தைய வருடங்களில் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து எவனும் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்ததில்லை. இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தைய வருடங்களில் ஓடியவன் நீ இல்லை என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டேன். மஞ்சள் சட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். மிளகாய்ப் பொடி தடவி நல்லெண்ணெய் ஊற்றிய இட்லி. ஆறு சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது அந்த எண்ணெய் நெடி தொண்டைக்கு வருகிறது.

"இந்தக் கரைக்குக் கீழ பூராவும் வீடாயிரும், பாத்துக்கிடுங்க. பத்து வருசம் போகட்டும், சொல்லுதேன். சாருக்கும் ஒரு கிரவுண்டு மனை பாத்திருவோம். வாத்தியார் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா கட்டுனா போதும்," என்றார் அண்ணாச்சி.

வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டில் பிள்ளை பெற்றவன் நான். அந்தப் பேச்சில்தான் நேரம் போயிற்று. கிணறு எந்த மூலையில் தோண்டலாம் என்பது வரைக்கும் மனசு போய்விட்டது. பிறகு கை கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு கரைக்கு வந்தால், எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா தண்ணீரில் நின்றபடியே கேட்டாள்:

"இன்னா வாத்யாரே, மொத புள்ள அப்பவே ஓடிப்பூட்ச்சே! இங்க வந்து அந்தச் சட்டியப் பாத்துக்கினு நின்னுச்சு, அப்பால போயிடுச்சு. நீ எங்க கீறேன்னு தெர்ல அதுக்கு."

"சரி சரி, உன் வேலையப் பாரும்மா," என்றேன்.

கவனி. இதற்கு முன் நான் செய்தது சோம்பல், சபலம், தீனிப் புத்தி என்று சொல்லிவிடலாம். நாலு பேர் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவார்கள். அந்த அம்மா சொன்ன பிறகு எனக்கு எல்லாம் தெரியும். ஈரக் கரையில் வெறும் காலின் தடம் கல் வரைக்கும் வந்து, அங்கே மிதித்து மிதித்து நின்று, வடக்கே போயிருந்தது. கையை விட்டு ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ள உனக்கு ஒரு நொடி ஆகாது. பார்க்க ஆளில்லை. மற்ற எந்தப் பையனும் அதைத்தான் செய்திருப்பான், செய்ததில் தப்பும் இல்லை. ஆனால் உன் அப்பன் அதைத் திருட்டு என்று சொல்லிவைத்திருந்தான். நீ பூசிக்கொள்ளாமல் ஓடிவிட்டாய்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒழுங்காக மஞ்சள் இழுத்தேன். கடைசிப் பையனும் போனதும் அண்ணாச்சி காரிலேயே அடையாற்றுக்குப் போய் இறங்கினேன். அங்கே ஏற்கெனவே கூட்டம். நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆலமரத்தடியில் தனியாக நின்றாய். இரண்டாவதாக வந்தவனைவிட ஐந்து நிமிடம் முன்னால் வந்திருக்கிறாய். கையில் நீலம் இருக்கிறது, காவி இருக்கிறது, மஞ்சள் இல்லை. அப்போதிருந்த தலைமையாசிரியர், இப்போது உயிரோடு இல்லை, என்னைப் பார்த்து, "உங்க பையன் உங்களைத் தாண்டிப் போனானா, சார்?" என்று கேட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அண்ணாச்சியும் பார்த்தார். பாவம், எங்கே தன் இட்லியால் வந்த வினையோ என்று அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனால் நான் பேசுமுன் அவர் என்ன பேசுவார்?

"நான் பார்க்கலை," என்றேன்.

அது பொய் இல்லை. ஒரு எழுத்தும் பொய் இல்லை. நான் பார்க்கவில்லைதான். இத்தனை வருடம் அந்த இரண்டு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொய் இல்லை, பொய் இல்லை என்று தேற்றிக்கொண்டவன் நான். அதோடு நிறுத்தினேனா? இரண்டாவதாக வந்த பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "சார், வயல் முடியறவரைக்கும் தூரத்துல அவன் முதுகத்தான் சார் நான் பாத்துக்கினு வந்தேன். அவன் ஏரிப்பக்கம்தான் சார் திரும்புனான்," என்றான். கோப்பை தனக்கு வரப்போகிறது என்று தெரிந்தும் சொன்னான். அவனை, "உன்னை யாருடா கேட்டது, போய் உட்கார்," என்று அதட்டினேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, குரலை உயர்த்தி, "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என் பையன்னு சலுகை காட்டமாட்டேன்," என்றேன். தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் ஆரம்பிக்க எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. என் பிள்ளையின் முதுகில் ஏறி நின்று வாங்கிய கைதட்டல், பிடித்திருந்தது.

அப்பா அங்கே இல்லை என்று மூன்று சொல் நீ சொல்லியிருந்தால் கோப்பை உன் கையில், என் வேலை தலைமையாசிரியர் கையில். என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தாய்.

நீலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. சாயங்காலம் வீட்டில் உன் அம்மா தேங்காய் நாரால் உன் கையைத் தேய்த்துவிட்டபடி, அண்ணாச்சி எனக்குக் கொடுத்தனுப்பிய லட்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். நீ வெளியே போனதும் கேட்டாள்.

"மூணாவது கலர் இன்னா ஆச்சு?"

"நான் பாக்கலைன்னு சொல்லிட்டேன்."

"பாக்கலையா? இல்ல, நீங்க அங்க இல்லையா?"

"பள்ளிக்கூட விஷயத்துல நீ தலையிடாத."

"சரி, தலையிடலை. எம்புள்ள குறுக்கால போவாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்," என்றாள். லட்டுப் பெட்டியை எடுத்துப்போய் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்றுகூட நம் வீட்டில் யாரும் தின்னவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பத்து வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த மாதக் கடைசியில் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், வியாழக்கிழமை ஜெபத்தை விட்டேன் என்று வழக்கமான பட்டியலைச் சொல்லி, நடுவில் வேகமாக, ஒரு விஷயத்தில் முழு உண்மையைச் சொல்லவில்லை சாமி என்று நுழைத்தேன். சாமியார் வயதானவர், ஆனால் காது கூர்மை. "அதனால யாருக்காவது நஷ்டமா?" என்று கேட்டார். "இல்ல சாமி," என்றேன். அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொல்லிவிட்டு, தீர்ந்தது கணக்கு என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். ஆண்டவரிடமே அளவைக் குறைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒன்றை மறைக்க வாய்த்த இடத்திலெல்லாம் மறைக்கிற புத்தி எப்படிப்பட்ட புத்தி என்று பார்.

ஓட்டம் முடிந்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்திலேயே என்னை உதாரணமாகக் காட்டிப் பேசினார்கள். அன்று மத்தியானத்துக்குள் பையன்கள் உனக்குக் 'குறுக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் உன்னை எழுப்ப வந்தேன், நீ கண்ணைத் திறந்து, "வேணாம்பா," என்றாய். அவ்வளவுதான். அதோடு ஓட்டம் போயிற்று. நான் வற்புறுத்தவும் இல்லை, பார், எனக்கு அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன், யாரிடமும் சொன்னதில்லை. லஸ் முனையில் பஸ் கிளம்புகிற நேரம், எல்லோரும் ஓடிப்போய்த் தொற்றுவார்கள். நீ ஓடமாட்டாய். நாலு எட்டுதான் இருக்கும், கையைக் காட்டினால் நிறுத்துவான், நீ நடந்தே போவாய், பஸ் போய்விடும், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாய். வேலைக்கான தேர்வன்றைக்கும் அப்படித்தான் நின்றாய். கே.கே. நகரில் தனிக்குடித்தனம் போன பிறகும் இப்படித்தான் என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், உங்க பிள்ளைக்கு ரொம்பப் பொறுமை மாமா என்று. நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். உன் கல்யாணத்தன்றைக்கு உன் பழைய சிநேகிதன் ஒருவன் பந்தியில், "டேய் குறுக்கு, இன்னாடா மச்சி, இங்கயாவது நேர் வழில வந்தியா?" என்று கத்தினான். அது என்ன பெயர் என்று அவள் உன்னைக் கேட்டதும், சும்மா என்று நீ சொன்னதும், பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் அப்பன் புத்திமதி சொல்லவேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனாலும் வயசாகிவிட்டது, நாக்கு சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். சொந்தப் பிள்ளையிடம் கடுமையாக இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி செய்கிறவனை நம்பாதே. அவன் எதையோ பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். அப்படி நீ ஆகிவிடாதே. அலுவலகத்தில் தவறு செய்தால் செய்தேன் என்று சொல், வேலை போனால் போகட்டும், வேறு வேலை இருக்கிறது. பொய் சொல்ல நேர்ந்தால்கூட வாய் நிறையப் பொய்யாகச் சொல், பிறகு பிடிபடலாம், அடிபடலாம், விட்டுத் தொலையலாம். உண்மையான சொல்லை எடுத்து அதற்குள் பொய்யைப் போர்த்தி வைக்காதே. அப்படி வைத்தது வெளியே தெரியாது. உள்ளே கிடந்து அழுகி, வருடக்கணக்காக நாறும். என்னிடமிருந்து அந்த வாடை வருவதாக எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

இவ்வளவையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைவிட இருபது வயது சின்னவர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார்.

"சார், இது வேணுமா? பத்து வருஷம் ஆச்சு. ஃபங்ஷனுக்கு எல்லாரும் சந்தோஷமா வர்றாங்க. பாராட்டுப் பத்திரம் பிரேம் போட்டு ரெடி சார்."

"அந்தப் பத்தியை எடுத்துடுங்க."

"எப்படி சார், அதுதானே சார் ஹைலைட்டே. நீங்க பாதையைப் பத்தி மட்டும் ஒரு நாலு பக்கம், மரம், குளம், மான் அப்படின்னு எழுதிக் குடுங்க, போதும்."

"மான் போதுமா, நரியும் வேணுமா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மலரில் இது வராது என்று புரிந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் பாராட்டுப் பத்திரத்துக்குப் பிறகு ஏற்புரை என்று ஒன்று உண்டு, அதை என் கையிலிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிறேன், முதல் வரியிலிருந்து. உனக்கு இரண்டு நாள் முன்னால் தபாலில் கிடைக்கும்படி இந்தப் பிரதி. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கண்ணாடிய மறக்காம எடுத்துக்கினு போங்க, மேடைல தடுமாறப் போறீங்க," என்றாள். மருமகளிடம் நீயே முன்னதாகப் படித்துக் காட்டிவிட்டால் நல்லது. வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால், நான் வாசிக்கும்போது எழுந்து வந்து என்னை நிறுத்தாதே. விடுங்கப்பா என்று சொல்லிவிடாதே. உனக்கு மனசு அப்படி, உடனே சொல்லிவிடுவாய், அதனால்தான் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஊர் கேட்கட்டும், நீ முழுப் பாதையும் ஓடினாய், முதலாவதாக வந்தாய், என் இடத்தில் நான் இல்லை என்று.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோதுகூட இதை விட்டுவிட்டேன், சாமியாரிடமும் சொன்னதில்லை. நான் தூரத்தில் இருந்ததால் என் காதில் எதுவும் விழவில்லை என்றுதான் நீ இத்தனை வருடமும் நினைத்திருப்பாய். அதனால்தான் உன்னால் என்னோடு ஒரே வீட்டில் இருந்து சாப்பிடவும் பேசவும் முடிந்தது. பள்ளிக்கூட வேலை நேரத்தில் என்னை நீ சார் என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது என் கட்டளை. அன்று ஏரிக்கரையில் முதல் தடவை நீ "சார்" என்று கூப்பிட்டபோது, அண்ணாச்சி ஒரு கிரவுண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்தால் பேச்சு அறுந்துபோகுமே என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "அப்பா" என்று கூப்பிட்டாய். அதுவும் எனக்கு நன்றாகக் கேட்டது.